எல்லாருக்கும் 403: வெளி அனுமதி வழங்கியை இணைத்த பிறகு வரும் கோளாறுகள், அறிகுறிப்படி

ஜாவா அப்ளிகேஷன் சர்வரில் யார் எந்தப் பக்கத்தைத் திறக்கலாம் என்ற முடிவைச் சர்வரே எடுக்கலாம். அதை வெளியே இருக்கும் இன்னொரு மென்பொருளிடம் விட்டுவிடவும் செய்யலாம். அந்த வெளி மென்பொருளைத்தான் இங்கே வழங்கி என்கிறேன். சர்வரும் வழங்கியும் பேசிக்கொள்வதற்கான ஒப்பந்தத்துக்கு ஜாக் என்று பெயர். ஜேஎஸ்ஆர் 115 என்ற எண்ணில் உருவாகி 2003-ல் ஜே2இஇ 1.4-உடன் வந்தது, இன்றைக்கு ஜகார்த்தா ஆதரைசேஷன் என்று அழைக்கப்படுகிறது. கீழே உள்ளவை பெரும்பாலும் வெப்ஸ்பியர் சர்வரையும் டிவோலி அக்சஸ் மேனேஜர் என்ற வழங்கியையும் வைத்து எழுதியவை. வேறு சர்வர் வைத்திருப்பவர்களுக்கும் நோய் ஒன்றுதான், மருந்தின் பெயர் மட்டும் மாறும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு செயலியை வைத்துக்கொள்வோம். காரைக்குடியில் தலைமை அலுவலகம், தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் கிளைகள், ஆத்தங்குடிக் கல் ஆர்டர் எடுத்து அனுப்பும் வியாபாரம். செயலியில் மூன்று ரோல்கள், அதாவது யார் எதைச் செய்யலாம் என்பதற்கான பொறுப்புப் பெயர்கள். பெட்டியடி ஆர்டர் மட்டும் பதிவார். அடுத்தாள் கிட்டங்கியிலிருந்து சரக்கை அனுப்புவார். மேலாள் விலையை மாற்றுவார். பர்மா, மலேயாக் கிட்டங்கிகளில் இருந்த பழைய பதவிப் பெயர்கள்தான். மேனேஜர் 1, மேனேஜர் 2 என்று ரோல் வைப்பதைவிட இது மேல். லாக்கைப் படிக்கும்போதே யாருக்கு என்ன ஆயிற்று என்று புரிந்துவிடும்.

அறிகுறிகளுக்குப் போகுமுன் ஒரு விஷயம் மனத்தில் இருக்கட்டும். சர்வர் வழங்கியிடம் கேட்கும் கேள்விக்கு உண்டு, இல்லை என்று இரண்டே பதில்கள்தான் உண்டு. "இவருக்கு அனுமதி கிடையாது" என்று வழங்கி தெரிந்தே சொன்னாலும் 'இல்லை'தான். "இப்படி ஒரு செயலியைப் பற்றி என்னிடம் யாரும் சொல்லவே இல்லையே" என்றாலும் 'இல்லை'தான். திரையில் இரண்டும் 403, அதாவது 'அனுமதி இல்லை' என்ற பிழை எண்ணாகத்தான் வரும். இந்த வேலையில் பார்க்கிற 403-களில் பெரும்பங்கு இரண்டாவது வகை. ஆகவே ஏன் மறுத்தது என்று தோண்டுவதற்கு முன்னால், அதற்குச் சொல்லப்பட்டதா என்று பாருங்கள்.

401-ஆ 403-ஆ என்று தெரியவில்லை

பயனர்கள் "உள்ளே விட மாட்டேங்குது" என்றுதான் சொல்வார்கள். பிரவுசரில் எண்ணைப் பாருங்கள். 401 என்றாலோ, லாகின் பக்கமே திரும்பத் திரும்ப வந்தாலோ, ஆள் யார் என்றே சர்வருக்குத் தெரியவில்லை. அது எல்டாப் (பயனர், குழு விவரங்கள் இருக்கும் கோப்பகம்), கடவுச்சொல், குக்கி பக்கத்துச் சிக்கல். வழங்கிக்கு இன்னும் கேள்வியே போயிருக்காது. 403 என்றால் ஆள் தெரிந்துவிட்டது, அனுமதிதான் இல்லை.

வெப்ஸ்பியரில் சிஸ்டம்அவுட் லாக்கைத் திறந்து எஸ்இசிஜே0129இ என்று தேடுங்கள். எந்தப் பயனர், எந்தப் பக்கம் என்று அந்த வரியிலேயே இருக்கும். எஸ்இசிஜே0305ஐ என்று வந்தால் அது நிர்வாக வேலைகளுக்கான ரோல் சோதனை. கன்சோலில் (சர்வரை நிர்வகிக்கும் திரை) உங்கள் நிர்வாகி ரோலைப் பார்க்க வேண்டும், செயலியின் ரோலை அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான இடத்தில் மாலை வரைக்கும் தேடுவது அடிக்கடி நடக்கிறது.

சர்வரே எழவில்லை, லாக்கில் கிளாஸ் கிடைக்கவில்லை என்கிறது

கன்சோலில் பாதுகாப்பு, குளோபல் செக்யூரிட்டி, வெளி அனுமதி வழங்கிகள் என்று போனால் வழங்கியின் கிளாஸ் பெயர்களைக் கேட்கும் படிவம் வரும். முடிவெடுக்கும் பாலிசி கிளாஸ், விதிகளை வாங்கிவைக்கும் பாலிசி கான்ஃபிகரேஷன் ஃபேக்டரி, ரோல் விவரத்தை வாங்கும் ரோல் கான்ஃபிகரேஷன் ஃபேக்டரி, துவக்கி வைக்கும் கிளாஸ். முதல் இரண்டும் ஜாக் ஒப்பந்தத்தில் உள்ளவை. மற்றவை வெப்ஸ்பியரின் சேர்க்கை. டிவோலிக்கு இவை ஏற்கெனவே நிரப்பியே இருக்கும். வேறு வழங்கி என்றால் கையால் அடிக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட ஒரு வெற்றிடம் போதும், கிளாஸ் கிடைக்காது.

பெயர் சரி என்றால் ஜார் கோப்பைப் பாருங்கள். அது எல்லா ஜேவிஎம்மின் (ஜாவா நிரலை ஓட்டும் ஒவ்வொரு புராசஸ்) பாதையிலும் இருக்க வேண்டும்: எல்லாச் சர்வர்களையும் நிர்வகிக்கும் டிப்ளாய்மென்ட் மேனேஜர், ஒவ்வொரு நோடிலும் அதன் சார்பில் இருக்கும் நோட் ஏஜென்ட், செயலி ஓடும் சர்வர்கள் அத்தனையிலும். நோடுகளை சின்க் செய்தால் எல்லாம் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். சின்க் அமைப்புக் கோப்புகளை மட்டும்தான் கொண்டு போகும். லிப் கோப்புறைக்குள் இருக்கும் எக்ஸ்ட் கோப்புறையில் நீங்கள் போட்ட ஜாரை அது தொடாது. காரைக்குடி மெஷினில் வேலை செய்கிறது, தேவகோட்டை நோடில் எழவில்லை என்றால் முதல் சந்தேகம் இதுதான். கோப்பு இருந்தும் எழவில்லையா? சர்வரை ஓட்டும் பயனருக்கு அதைப் படிக்க உரிமை இருக்கிறதா பாருங்கள். ரூட்டாக நகலெடுத்துவிட்டு, சர்வரை வேறு பயனரில் ஓட்டுவது வழக்கமான கதை.

சொந்தமாக வழங்கி எழுதியவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய ஜாக்கில் உங்கள் பாலிசி கிளாஸ் அந்த ஜேவிஎம் முழுவதற்கும் ஒரே பாலிசி. செயலியின் அனுமதிகள் மட்டுமல்லாமல் கோப்பைப் படிப்பது, சாக்கெட் திறப்பது போன்ற ஜாவாவின் சொந்த அனுமதிக் கேள்விகளும் அதனிடம்தான் வரும். உங்களுக்குச் சம்பந்தமில்லாத கேள்வி வந்தால் முன்பு இருந்த பாலிசியிடம் தள்ளிவிட வேண்டும். தள்ளாமல் 'இல்லை' என்று திருப்பினால், செக்யூரிட்டி மேனேஜர் போட்டிருக்கும் சர்வர் தன் கோப்பையே திறக்க முடியாமல் விழும்.

சர்வர் எழுந்துவிட்டது, ஆனால் எல்லாருக்கும் எல்லாப் பக்கத்திலும் 403

இந்த நோய்க்குத்தான் அதிகம் பேர் வருகிறார்கள். நேற்று வரை ஓடிய செயலி, வழங்கியை இணைத்து ரீஸ்டார்ட் செய்ததும் மேலாளையே வெளியே நிறுத்துகிறது.

வழங்கியை இயக்கிய பிறகு நிறுவும் செயலிகளின் விதிகளைச் சர்வர் தானாக வழங்கியிடம் அனுப்பும். அதற்கு முன்பே நிறுவியிருந்த செயலிகளைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வழங்கியைப் பொறுத்தவரை உங்கள் கல் ஆர்டர் செயலி பிறக்கவே இல்லை.

உறுதி செய்வது எளிது. ஒரே ஒரு பாதுகாக்கப்பட்ட பக்கம் உள்ள சின்னச் செயலியைப் புதிதாக நிறுவி, அதன் ரோலில் உங்களைச் சேர்த்துத் திறந்து பாருங்கள். அது திறந்து, பழையது திறக்கவில்லை என்றால் காரணம் இதுதான். வெப்ஸ்பியரின் கட்டளைக் கருவியான டபிள்யூஎஸ்அட்மினில் 'ப்ராபகேட் பாலிசி டு ஜாக் ப்ரொவைடர்' என்ற கட்டளை இருக்கிறது. செயலியின் பெயரைக் கொடுத்து ஓட்டினால் விதிகள் வழங்கிக்குப் போய்ச் சேரும். செயலியை அழித்துவிட்டுத் திரும்ப நிறுவுவதும் இதே வேலையைத்தான் செய்யும், ஆனால் தேவையில்லாத வேலை. எந்த ரோலில் யார் என்பது போல நிறுவும்போது கொடுத்த பிணைப்புகளையெல்லாம் திரும்ப அடிக்க வேண்டிவரும்.

சின்னச் செயலியும் திறக்கவில்லை என்றால் விதிகள் வழியில் நிற்கின்றன. செயலியைச் சேமித்த நேரத்தில் பாலிசி சர்வர் எழுந்திருந்ததா என்று லாக்கில் பாருங்கள். அது படுத்திருந்தாலும் நிறுவல் முடிந்துவிட்டதுபோலத் தோன்றும். விதிகள் போகாத செய்தி சிஸ்டம்அவுட் லாக்கில் மட்டும் கிடக்கும். டிவோலியில் பாலிசி சர்வரின் வழக்கமான போர்ட் 7135, ஆதரைசேஷன் சர்வருடையது 7136. இரண்டும் தனித்தனி வேலை செய்பவை. முன்னதில் விதிகளை எழுதுகிறோம், பின்னது அதன் நகலை வைத்து முடிவு சொல்கிறது. ஃபயர்வாலில் ஒன்றைத் திறந்து மற்றதை மறந்தால் அறிகுறியும் பாதிப் பாதியாகத்தான் வரும். 7135 மூடியிருந்தால் பழைய விதிகள் வேலை செய்யும், புதியவை போகாது. 7136 மூடியிருந்தால் விதிகள் ஏறும், முடிவு வராது.

சொந்த வழங்கி என்றால் இன்னோர் இடமும் உண்டு. விதித்தொகுப்புக்கு மூன்று நிலைகள்: திறந்தது, சேவையில் உள்ளது, அழிந்தது. விதிகளைச் சேர்த்து முடித்ததும் கமிட் நடந்தால்தான் திறந்த நிலையிலிருந்து சேவை நிலைக்கு வரும். திறந்த நிலையில் எத்தனை விதி கிடந்தாலும் முடிவெடுக்கும்போது அவை கணக்கில் வராது. கமிட் நடந்த பின் பாலிசியின் ரெஃப்ரெஷ் அழைக்கப்படுகிறதா, அந்த ரெஃப்ரெஷ் உங்கள் நிரலில் உண்மையிலேயே எதையாவது செய்கிறதா என்று பாருங்கள். வெற்று மெத்தடாக விட்டு வைத்திருக்கும் நிரல்கள் நிறைய.

எதுவும் பிடிபடவில்லையா? சோதனைச் சர்வரில் மட்டும், கவனியுங்கள், சோதனைச் சர்வரில் மட்டும், வெளி வழங்கியை நீக்கி சர்வரின் இயல்பான அனுமதி முறைக்கு மாற்றி அதே பயனரால் முயலுங்கள். அப்போதும் 403 என்றால் வழங்கி குற்றமற்றது. ரோலில் ஆள் சேர்த்ததையே வழங்கியின் திரையில் மட்டும் செய்திருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும். செயலியின் பிணைப்பிலும் அந்த ஆள் இருக்க வேண்டும்.

சிலருக்குத் திறக்கிறது, சிலருக்கு 403

விதி போய்ச் சேர்ந்துவிட்டது. இனிமேல் ஆள் கணக்கு.

ஜாக் ஒப்பந்தத்தின் பெரிய ஓட்டை இதுதான்: எந்த ரோலுக்கு எந்தப் பக்கம் என்பதை எப்படி அனுப்ப வேண்டும் என்று தெளிவாகச் சொல்லும், எந்த ஆள் எந்த ரோல் என்பதை எப்படி அனுப்புவது என்று சொல்லாது. அதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்குச் செய்துகொண்டது. வெப்ஸ்பியரின் ரோல் கான்ஃபிகரேஷன் ஃபேக்டரி அதற்காகச் சேர்த்ததுதான். இத்தனை காலம் கழித்து ஜகார்த்தா ஆதரைசேஷன் 3.0-ல்தான் பிரின்சிபல் மேப்பர் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள்.

டிவோலியில் பார்க்க வேண்டிய முதல் இடம், அந்தப் பயனர் அதன் பதிவேட்டில் இறக்குமதி ஆகியிருக்கிறாரா என்பது. எல்டாப்பில் இருப்பது போதாது. நகரத்தார் வீட்டுப் பையன் ஊருக்கே தெரிந்தவனாக இருக்கலாம், ஆனால் கல்யாணமாகிக் கோயில் கணக்கில் ஏறினால்தான் ஒரு புள்ளி, அதுபோலத்தான் இதுவும். டிவோலியின் பிடிஅட்மின் கட்டளையில் யூசர் இம்போர்ட், குரூப் இம்போர்ட் என்று இரண்டும் இருக்கின்றன. ஆளை இறக்கிவிட்டுக் குழுவை விட்டுவிடுவது அதிகம் நடக்கிறது. அடுத்தாள் ரோலைத் தனித்தனிப் பெயர்களுக்குக் கொடுக்காமல் "அனுப்புதல்" குழுவுக்குக் கொடுத்திருந்தால், அந்தக் குழு வழங்கிக்குத் தெரியாதவரை அதில் உள்ள எல்லாருக்கும் 403-தான்.

அப்புறம் பெயரின் வடிவம். செயலியில் நீங்கள் பார்ப்பது சின்னப் பெயர். சர்வர் உள்ளே வைத்திருப்பது ரெல்மும் (பயனர் பதிவேட்டின் பெயர்) எல்டாப்பின் முழுப் பாதையும் சேர்ந்த நீளப் பெயர். வழங்கி எதை ஒப்பிடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எல்டாப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது. ஸ்ட்ரிங்காக ஒப்பிடும் வழங்கி பார்க்கும். காற்புள்ளிக்குப் பின் ஒரு இடைவெளி கூடுதலாக இருந்தாலும் வேறு ஆள்தான். பள்ளத்தூர்க் கிளை ஆட்கள் மட்டும் மொத்தமாக மாட்டிக்கொண்டால், அவர்கள் எல்டாப்பில் வேறு கிளைக்குக் கீழே இருக்கிறார்களா, தேடல் அடிப்பாதை அதை உள்ளடக்குகிறதா என்று பாருங்கள்.

ரோலைச் சரிசெய்தும் உடனே மாற்றம் தெரியவில்லை என்றால் கைவைக்காமல் கொஞ்சம் பொறுங்கள். ரோல் விவரம் தற்காலிகச் சேமிப்பில் இருக்கும், ஆதரைசேஷன் சர்வரின் நகலும் புதுப்பிக்கப்பட வேண்டும். பயனரை வெளியேறி மறுபடி உள்ளே வரச் சொல்லுங்கள். இந்த இடைவெளியில் பதறிப்போய் மூன்று இடத்தில் மாற்றி வைத்தால், கடைசியில் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும்.

வரக்கூடாதவர் உள்ளே வந்துவிடுகிறார்

403 வந்தால் போன் வரும். இதற்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள். அதனால் வழங்கியை இணைத்த அன்றே, பெட்டியடி கணக்கில் நுழைந்து விலை மாற்றும் பக்கத்தின் முகவரியை நேராக அடித்துப் பாருங்கள்.

திறந்துவிட்டால் முதலில் அப்ளிகேஷன் செக்யூரிட்டி என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிர்வாகப் பாதுகாப்பு வேறு, செயலிப் பாதுகாப்பு வேறு. முன்னது மட்டும் இயங்கினால் கன்சோல் கடவுச்சொல் கேட்கும், செயலி திறந்து கிடக்கும்.

அது சரி என்றால், எந்தப் பக்கம் எந்த ரோலுக்கு என்று செயலியில் எழுதிவைக்கும் வெப் டாட் எக்ஸ்எம்எல் கோப்பு. கட்டுப்பாட்டில் கெட், போஸ்ட் என்று எச்டிடிபி மெத்தடுகளைப் பட்டியலிட்டிருந்தால், பட்டியலில் இல்லாத புட், டிலீட், ஹெட் எல்லாம் யாருக்கும் சோதனையின்றித் திறந்தவை என்று பொருள். சர்வர் அவற்றைச் சோதனையில்லாப் பட்டியலில் சேர்த்தே வழங்கிக்கு அனுப்பும். வழங்கியும் சொன்னபடி விட்டுவிடும். பட்டியலை எடுத்துவிடுங்கள், மெத்தட் சொல்லாத கட்டுப்பாடு எல்லா மெத்தடுக்கும் பொருந்தும். சர்வ்லெட் 3.1 முதல், விதியில் வராத மெத்தடுகளை மொத்தமாக மறுக்கும் குறியும் இருக்கிறது. அதைப் போட்டுவைப்பது நல்லது.

நட்சத்திரக் குறியையும் கவனியுங்கள். ரோல் இடத்தில் ஒற்றை நட்சத்திரம் என்றால் அந்தச் செயலியில் அறிவித்த ரோல்களில் ஏதேனும் ஒன்று. இரட்டை நட்சத்திரம் என்றால் லாகின் ஆன யாராக இருந்தாலும் சரி. ஜாவா இஇ 7-ல் வந்த வேறுபாடு இது. ஒரு நட்சத்திரம் கூடிப்போனால் பெட்டியடியும் விலையை மாற்றலாம்.

பக்கம் திறக்கிறது, ஆனால் 'அனுப்பு' பொத்தான் காணவில்லை

பக்கத்துக்குள் இவர் அந்த ரோலில் இருக்கிறாரா என்று நிரல் கேட்கும் கேள்வி தனி அனுமதியாகப் போகிறது, அதுவும் சர்வ்லெட்டின் (பக்கத்தைத் தரும் ஜாவா நிரல்) பெயரோடு சேர்ந்து. நிரலில் ஒரு பெயரும் வெப் டாட் எக்ஸ்எம்எல்-இல் வேறு பெயரும் இருந்தால் ரோல் லிங்க் கொடுத்து இணைக்க வேண்டும். அங்கே அறிவிக்காத ஜேஎஸ்பி பக்கமாக இருந்தால் கேள்வி வெற்றுப் பெயரோடு போகும். சொந்த வழங்கி எழுதியவர்கள் அதைக் கையாளுகிறார்களா என்று பார்க்கட்டும்.

இஜேபி அழைப்பில் மட்டும் சிக்கல்

ஐம்பதாயிரத்துக்கு மேல் தள்ளுபடி என்றால் மேலாள் மட்டும் என்பது போல, இஜேபியில் (வியாபார வேலைகளைச் செய்யும் சர்வர் பக்க ஜாவா நிரல்) மெத்தடுக்கு வரும் மதிப்பைப் பார்த்து முடிவெடுக்கும் வழங்கிக்கு அந்த மதிப்புகள் காலியாக வருகின்றனவா? படிவத்தில் இஜேபி ஆர்கியுமென்ட்ஸ் தேவை என்ற பெட்டியில் டிக் போடுங்கள். வேகத்தைப் பாதிக்கும் என்பதால் தேவையானால் மட்டும்.

செயலியைப் புதுப்பித்த பிறகு பழைய விதியே ஓடுகிறது

ஓடிக்கொண்டிருக்கும் செயலியில் ஒரு மாட்யூலை மட்டும் மாற்றினால், அதை ஏற்கும் திறன் வழங்கிக்கு இருக்க வேண்டும். படிவத்தில் டைனமிக் மாட்யூல் அப்டேட் என்று ஒரு பெட்டி. வழங்கிக்கு அந்தத் திறன் இல்லாமல் டிக் மட்டும் போட்டு ஏமாற்ற முடியாது. இல்லையென்றால் செயலி முழுவதையும் நிறுத்தி எழுப்புங்கள்.

மாதாந்திர மின்நிறுத்தம் முடிந்து எல்லாம் எழுந்தபின் 403

காலை ஒன்பதுக்குப் போன கரண்ட் மாலையில் வரும், எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் எழும், எது முதலில் தயாராகும் என்பது அதிர்ஷ்டம். எழ வேண்டிய வரிசை: எல்டாப், பாலிசி சர்வர், ஆதரைசேஷன் சர்வர், டிப்ளாய்மென்ட் மேனேஜர், நோட் ஏஜென்ட், கடைசியில் செயலிச் சர்வர். தானாக எழும்படி வைத்திருந்தால் செயலிச் சர்வரை மட்டும் அதிலிருந்து எடுத்துவிட்டு, 7136-ல் பதில் வருகிறதா என்று பார்த்தபின் எழுப்பும் சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

வரிசை சரியாக இருந்தும் இணைப்பு விழுந்தால் மெஷினின் கடிகாரத்தைப் பாருங்கள். போர்டில் இருக்கும் பேட்டரி செத்த பழைய மெஷின் வருடக்கணக்கில் பின்னால் போய் எழும். அதன் கண்ணுக்கு வழங்கியின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவே இல்லை. எஸ்எஸ்எல் கைகுலுக்கல் முறியும். சர்வர்களுக்கு முன்பாக நேரம் ஒத்திசையும்படி செய்யுங்கள்.

வேலை செய்கிறது, ஆனால் மெதுவாக

ஒவ்வொரு கோரிக்கைக்கும் வலைவழியே கேள்வி போனால் இப்படித்தான். ஆதரைசேஷன் சர்வர் ஒன்றைச் செயலிக்கு அருகிலேயே வையுங்கள், தற்காலிகச் சேமிப்பை இயக்குங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஆதரைசேஷன் சர்வர்களை முன்னுரிமையோடு கொடுக்கலாம்.

புதிய பதிப்புக்கு மாறியதும் வழங்கி கண்டுகொள்ளப்படவில்லை

ஜகார்த்தா இஇ 9-ல் ஜாவாக்ஸ் என்று தொடங்கிய பெயர்கள் ஜகார்த்தா ஆயின. ஜேவிஎம் அமைப்பில் கொடுக்கும் பாலிசி ப்ரொவைடர் பண்பின் பெயரும் அப்படியே மாறியது. பழைய பெயரையே விட்டுவைத்தால் புதிய சர்வர் அதைத் தேடாது. தன் சொந்த வழங்கியோடு சத்தமின்றி எழும். சர்வர் எழுந்தது என்பதற்காக உங்கள் வழங்கிதான் பேசுகிறது என்று நம்பிவிடாதீர்கள். லாக்கில் அதன் கிளாஸ் பெயரைப் பாருங்கள்.

வைல்டுஃபிளை என்ற இன்னொரு சர்வரில், அதன் பாதுகாப்புப் பகுதியான எலிட்ரான் வழியாக ஜாக்கை இயக்குபவர்கள் இரண்டு இடங்களில் சொல்ல வேண்டும்: எலிட்ரானில் பாலிசியைச் சேர்ப்பது ஒன்று, அதன் வெப் பகுதியான அண்டர்டோவில் அந்தச் செயலிப் பாதுகாப்பு டொமைனுக்கு ஜாக்கை இயக்குவது இன்னொன்று. பழைய செக்யூரிட்டி சப்சிஸ்டம் இன்னும் இருக்கும் பதிப்பென்றால் அதன் ஜாக் துவக்கத்தை நிறுத்தவும் வேண்டும், இல்லையேல் இரண்டும் மோதும். வைல்டுஃபிளை 25 முதல் அந்தப் பழைய சப்சிஸ்டமே இல்லை.

ஜாவாவின் செக்யூரிட்டி மேனேஜர் 17-ஆம் பதிப்பில் நீக்கத்துக்குக் குறிக்கப்பட்டு, 24-ல் நிரந்தரமாக முடக்கப்பட்டது. ஜாவாவின் பழைய பாலிசி கிளாஸை நம்பி எழுதிய வழங்கிகளுக்கு அதோடு காலம் முடிந்தது. ஆதரைசேஷன் 3.0 அதைச் சாராமல் தன் சொந்தப் பாலிசி ஃபேக்டரியோடு வருகிறது. செயலிக்குச் செயலி தனி வழங்கியும் வைக்கலாம். ஜாவாவை உயர்த்துமுன் வழங்கியின் பதிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கன்சோலுக்குள்ளேயே போக முடியவில்லை

எதையும் தொடுமுன் அமைப்பை நகலெடுக்கும் பேக்கப்கான்ஃபிக் கட்டளையை ஓட்டியிருந்தால், அதைத் திரும்பக் கொண்டுவரும் ரெஸ்டோர்கான்ஃபிக் போதும். ஓட்டவில்லை என்றால், டிப்ளாய்மென்ட் மேனேஜர் மெஷினில் டபிள்யூஎஸ்அட்மினை இணைப்பு இல்லாத முறையில், அதாவது கான்டைப் நன் என்று கொடுத்துத் திறந்து, செக்யூரிட்டிஆஃப் என்று அடியுங்கள். பாதுகாப்பு முழுதும் அணையும். மேனேஜரை எழுப்பிக் கன்சோலில் தப்பைத் திருத்திவிட்டு உடனே மறுபடி இயக்குங்கள். அதுவரை கன்சோல் யாருக்கும் திறந்திருக்கும், ஆகவே அந்த மெஷினின் நெட்வொர்க் கேபிளை முதலில் கழற்றிவிடுவது தப்பில்லை.